புள்ளிச் சீத்தைக்காரரின் வலது கை

என் மச்சான் கலந்தருக்குப் பொய் சொல்ல வராது. வராதவர் சொல்லப் போய் என்ன பாடுபட்டார் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். மகளைப் பெண் கேட்டு கலேவெலயிலிருந்து ஆட்கள் வந்த அன்று, வலது கையில் மணிக்கட்டுவரை பண்டேஜைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். என்னவென்று கேட்டதற்கு, மோட்டார் சைக்கிள் சைலன்சர் சுட்டுவிட்டது என்றார். சைலன்சரில் சூடு வாங்கியவர்கள் மாத்தளை டவுனில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் சுட்டது காலில். கையில் சுட்டது உலகத்திலேயே இவர் ஒருவருக்குத்தான்.

நான் மஹ்ரூப். கலந்தர் மச்சானின் மனைவி ஸக்கியா என் தங்கச்சி. டவுனில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மச்சானுக்குக் கோபமே கிடையாது, அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

அவருடைய வேலை துணி வியாபாரம். கடை கிடையாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் துணிப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு நாவுலப் பக்கம் போவார், அங்கிருந்து வில்கமுவ வரை இறங்குவார். பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி ஆயுள் போகும் ஊர்கள் அவை. துணிக்கடை வாசலுக்கே வருகிறதென்றால் பெண்கள் விடுவார்களா? வயலில் நிற்கிறவர்கள்கூட சேற்றுக் காலோடு ஓடி வருவார்கள். அவரிடம் வாங்குவது பெரும்பாலும் சீத்தை, அச்சுப் போட்ட மெல்லிய பருத்தித் துணி. வீட்டில் உடுக்கிற கவுன், பிள்ளைகளின் சட்டை, ஜன்னல் திரை எல்லாவற்றுக்கும் அந்தச் சீத்தைதான். அதிலும் புள்ளிச் சீத்தைக்குத்தான் கிராக்கி. தமிழிலும் புள்ளி, சிங்களத்திலும் புள்ளி என்பதால் மொழிபெயர்க்கிற வேலையும் மிச்சம்.

புள்ளியில் அவருக்கு எத்தனை பெயர்கள் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? பொடியாக இருந்தால் கடுகுப் புள்ளி. அதற்கு மேல் மிளகுப் புள்ளி. வட்டமாகப் பெரிதாக இருந்தால் காசுப் புள்ளி. ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெறித்திருந்தால் தூறல். துணியை உதறி இடது கையில் தொங்கவிட்டுக்கொண்டு, "புள்ளிச் சீத்த அழுக்குக் காட்டாது. கறி தெறிச்சாலும் அதுவும் ஒரு புள்ளி என்டு பெய்த்துடும்" என்பார். இந்த ஒரு பேச்சிலேயே இத்தனை வருடம் குடும்பம் நடத்திவிட்டார்.

ஆனால் தன் கையில் விழுந்ததற்கு மட்டும் புள்ளி என்ற பெயரை அவர் வைக்கவில்லை.

மகள் நிப்லா சின்னப் பிள்ளையாக இருந்தபோது மச்சானின் வலது கை விரல் மொளியில் ஒரு வெள்ளை விழுந்தது. வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு கையில் பட்டதுபோல இருந்தது. தேமல் என்றார் மச்சான். தேமல் மருந்து வாங்கிப் பூசினார். அது பக்கத்து விரலுக்குப் போனது, பிறகு புறங்கை முழுவதும் தெறித்தது, மணிக்கட்டோடு நின்றது. கிளினிக்கில் இருந்த டொக்டர் பார்த்துவிட்டு, இது வெண்புள்ளி, தோலில் நிறம் போகிறது, அவ்வளவுதான், தொட்டால் ஒட்டாது, குஷ்டமும் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். மச்சான் வெளியே வந்து ஸக்கியாவிடம், "தேமல்தானாம்" என்றார்.

ஊரில் வேறு பெயர்களும் இருந்தன. பள்ளிவாசலில் வயதானவர்கள் வெண்குட்டம் என்று காதோடு காது பேசினார்கள். சந்தையில் சிங்களவர்கள் கபர என்றார்கள். வாய்க்கால் ஓரம் கிடக்கிற கபரக்கொய்யா என்கிற பெரிய உடும்புக்கு உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக இருக்குமே, அந்தச் சொல்தான். ரோட்டில் விளையாடுகிற பிள்ளைகள் அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் அந்த முழுப் பெயரையும் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். மச்சான் தேமலை விடவில்லை. நான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். "தேமல் என்டா மாறும் மச்சான்" என்றார். 

அவரை உண்மையிலேயே உடைத்தது ஒரு கலியாண வீட்டுச் சாப்பாடு. எங்கள் ஆட்களின் விருந்தில் சஹன் சோறு வைப்பார்கள். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியும் கோழியும் வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவோம். உறவில்லாதவனையும் உறவாக்குகிற சாப்பாடு அது. உக்குவளையில் ஒரு கலியாணத்தில் மச்சான் அப்படி உட்கார்ந்திருக்கிறார். எதிரே இருந்தவர் இவர் கையைப் பார்த்துவிட்டு, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். திரும்பி வந்து வேறு சஹனில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். கடைசியில் மச்சான் மட்டும் ஆறு பேருடைய சோற்றுக்கு முன்னால் தனியாக இருந்தார். வீட்டுக்கு வந்து, "முழு சஹனும் எனக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். ஸக்கியா இதை என்னிடம் சொல்லும்போது அழுதாள். நான் அந்த ஆறு பேரில் ஒருவனாக இல்லாமல் போனேனே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது. இருந்திருந்தால் எழுந்தவனைச் சட்டையைப் பிடித்து உட்கார வைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு மச்சான் சஹனில் உட்காரவில்லை. கலியாணத்துக்குப் போவார், தண்ணீர் ஊற்றுவார், பரிமாறுகிறவர்களை மேய்ப்பார், பசியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். கைகொடுப்பதையும் நிறுத்திக்கொண்டார். பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஸலாம் சொல்லும்போது, இவர் மட்டும் வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் குனிவார். பார்க்கிறவர்களுக்கு அது பெரிய மரியாதைபோலத் தெரியும். நான் எத்தனையோ தரம் அந்தக் கையைப் பிடிக்கப் போயிருக்கிறேன். நழுவிவிடுவார். சொந்த மச்சானிடமே நழுவுவார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் மகளின் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பவாஸ், கலேவெலயில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். நல்ல பொடியன். அவனுடைய வாப்பா சாலிஹ் மரக்கறி மொத்த வியாபாரி, வாய் நிறையப் பேசுகிறவர். நிப்லாவுக்கும் பவாஸைப் பிடித்திருந்தது. இந்த வெள்ளை பிள்ளைகளுக்கும் வரும் என்று பயந்து சம்பந்தத்தை விட்டுவிடுவார்களோ என்பதுதான் மச்சானின் கவலை. அதற்காகத்தான் பண்டேஜ். நிகாஹ் முடியும்வரை மூச்சுவிட வேண்டாம் என்று நிப்லாவின் தலையில் கைவைத்துக் கெஞ்சியிருக்கிறார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சூட்டுப் புண் என்று சொன்னால் அது ஆறவேண்டும் இல்லையா? அதை மச்சான் யோசிக்கவில்லை. முதல் மாதம் சாலிஹ் வந்தார், பண்டேஜ் இருந்தது. அடுத்த மாதம் மாப்பிள்ளையின் உம்மா நூருன்னிஸா வந்தார், பண்டேஜ் இருந்தது. ஆறாத புண் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். அவருடைய அண்ணன் சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோயில் காலை இழந்தவர். அன்றிலிருந்து ஸக்கியாவின் போனுக்கு வொய்ஸ் மெசேஜ் வரத் தொடங்கியது. பாகற்காய்ச் சாறு குடிக்கக் கொடுங்கள். வெந்தயத்தை ஊறவையுங்கள். கோதுமைப் பாண் வேண்டாம், குரக்கன் பிட்டு கொடுங்கள். சம்பந்தி வீட்டார் சொன்னதைத் தட்டமுடியாமல், நல்ல ஆரோக்கியமான மனுஷன் காலையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாகற்காய்ச் சாறு குடித்தார். வேண்டும் அவருக்கு!

எங்கள் சிரிப்பு நின்றது கலியாணத்துக்கு முந்தின கிழமை. சாலிஹ் ஒரு போத்தல் தேனோடு வந்து இறங்கினார். சூட்டுப் புண் பார்க்கிற வெதமாத்தயா ஒருவர் கொடுத்தாராம். வந்தவர் மச்சானின் கையைப் பிடித்து, தானே பண்டேஜைக் கழற்றித் தேன் பூசப் போனார். மச்சான் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். சாலிஹின் முகம் கறுத்தது. கோபத்தில் அல்ல, பயத்தில்.

"கலந்தர் நானா, இவ்வளவு நோவு ஈக்குதா?" என்றார். "அப்ப நிகாஹ ரெண்டு மாசம் தள்ளுவோம். கை சொகமாகட்டும். பொண்ணுக்கு வலியா நின்டு நீங்கதானே கை குடுக்கணும். ஹோல்காரனுக்கு நான் செல்லிக்கிறேன்."

எங்கள் நிகாஹில் பெண்ணுக்குப் பொறுப்பானவரை வலி என்போம். வாப்பா இருந்தால் வாப்பாதான் வலி. அவர் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, வலது கையால் அவனுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு, என் மகளை உனக்கு நிகாஹ் செய்து தந்தேன் என்று சொல்லவேண்டும். ஏற்றுக்கொண்டேன் என்று அவன் சொல்வான். சபை முழுவதும் அந்த இரண்டு கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பெண் கேட்டு வந்த நாளிலிருந்து மச்சான் பயந்துகொண்டிருந்ததும் அந்த நிமிடத்துக்குத்தான்.

"தள்ள வேணாம்" என்றார் மச்சான். "எனக்குப் பதிலா மஹ்ரூப் மச்சான் வக்கீலா நின்டு கை குடுப்பாரு."

"வாப்பா உசிரோட ஈக்கக்குள்ள என்னத்துக்கு வக்கீல்?" என்றார் சாலிஹ். ஆனாலும் நோயாளியோடு வாதாடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தேனை வைத்துவிட்டுப் போனார்.

வலி தனக்குப் பதிலாக ஒருவரை வக்கீலாக நியமிக்கலாம். அது எங்கள் மார்க்கத்தில் கூடும். என்னைக் கேட்காமலே என்னை நியமித்ததுதான் எனக்குக் கூடவில்லை. சாலிஹின் வாகனம் தெருவைத் தாண்டியதும் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்குப் பைத்தியமா மச்சான்? ஒரே ஒரு மகள். அவள உங்கட கையால குடுக்காம என் தலையில கட்டுறீங்க?"

"சபையில அத்தன கண்ணு ஈக்கும்."

"ஈக்கட்டும். பாக்கட்டும்."

"உங்களுக்குத் தெரியாது மச்சான்" என்றார். "மாப்பிள்ள கைய இழுத்தாரு என்டா, அது என் மகள்ட கலியாணத்துல நடந்ததா ஈக்கும். காலத்துக்கும் அவள் அதத்தான் நெனப்பாள்."

 தனக்காக அவர் பயப்படவில்லை. சரி, நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். 

நிகாஹ் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் என்று ஏற்பாடு. எங்கள் பக்கத்தில், பள்ளிக்குப் போகுமுன் பெண்ணிடம் போய்ச் சம்மதம் கேட்பது வழக்கம். பதிவாளர் மர்சூக் மௌலவி வந்தார். அவரோடு நானும் மச்சானும் இன்னும் இரண்டு சாட்சிகளும் நிப்லாவின் அறைக்குள் போனோம். ஸக்கியா அவளுடைய தலைச்சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மச்சான் புதுப் பண்டேஜ் சுற்றியிருந்தார், கலியாணம் என்பதால் வெள்ளை வெளேரென்று.

மௌலவி முறைப்படி கேட்டார். "மகள், உங்கட வாப்பா உங்கட மாமா மஹ்ரூப்ப வக்கீலாக்கி, கலேவெல சாலிஹ்ட மகன் பவாஸுக்கு உங்கள நிகாஹ் செஞ்சி குடுக்கப் போறாரு. உங்களுக்குச் சம்மதமா?"

வெட்கத்தில் தலையாட்டுவாள், கையொப்பம் வைப்பாள், போய்விடலாம் என்று நாங்கள் நின்றோம்.

"இல்ல" என்றாள் நிப்லா.

ஸக்கியாவின் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. மௌலவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டார்.

"பவாஸ் சம்மதம். மாமா வக்கீலா நிக்கிறது சம்மதமில்ல" என்றாள். பண்டேஜைக் கைநீட்டிக் காட்டினாள். "வாப்பாட கையில சூடும் இல்ல, சீனியும் இல்ல, தேமலும் இல்ல. வெண்புள்ளி. நான் சின்னதிலேர்ந்து அந்தக் கையப் புடிச்சித்தான் ஸ்கூலுக்குப் போனேன். எனக்கு ஒட்டல்ல. இன்னக்கி அந்தக் கை குடுத்தாப் போறேன். இல்லாட்டி நான் போகல்ல."

வெண்புள்ளி என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வீட்டில் புள்ளி என்றால் துணி. அதைக் கையோடு சேர்த்து ஒருவரும் சொன்னதில்லை. மச்சான் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் அறை வாங்கியவரைப் போலத்தான் முதலில் இருந்தார். பிறகு முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"மாப்பிள்ள கைய இழுத்தா?" என்றார் மெதுவாக.

"இழுத்தா எழும்பி வாங்க. ரெண்டு பேரும் வீட்டுல சோறு திம்போம்."

பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெறவேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்குமுன் மௌலவியின் பக்கம் திரும்பி, "கேட்டீங்கதானே, பொண்ணுக்குச் சம்மதமில்ல, நான் வக்கீல் இல்ல" என்று தேவையில்லாமல் கத்தினேன்.

பள்ளிக்குப் போகிற வேனில் மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்து பண்டேஜைக் கழற்றினார். மாதக்கணக்காக வெயில் படாத கை. பழுப்புத் தோலில் வெள்ளை தெறித்து, விரல் நுனிகள் முழுவதும் வெளுத்திருந்தன. மணிக்கட்டில் கடுகுக் கடுகாக இன்னும் சில புதிதாக விழுந்திருந்தன. கழற்றிய துணியை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். 

பள்ளியில் சபை கூடியிருந்தது. பவாஸ் வெள்ளை ஜுப்பாவில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் சாலிஹ். மச்சான் போய் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தார். வக்கீலுக்குப் போட்ட இடத்தில் வலியே வந்து உட்கார்ந்ததும் சாலிஹ் நிமிர்ந்தார். மச்சான் வலது கையைத் தூக்கி எல்லோருக்கும் தெரியும்படி முழங்காலில் வைத்தார்.

"மகன், ஒரு விஷயம் செல்லணும்" என்றார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னார். "சைலன்சர் சுட்டது என்டு நான் சொன்னது பொய். இது வெண்புள்ளி. தொட்டா ஒட்டாது என்டு டொக்டர் செல்லீக்கிறாரு. உங்கட பிள்ளைகளுக்கு வருமா என்டு கேட்டா, எனக்குத் தெரியாது. என் வாப்பாக்கு இருக்கல்ல, என் மகளுக்கு இல்ல. நீங்க யோசிச்சிச் செல்லுங்க. எழும்பிப் போனாலும் நான் ஒங்களக் குத்தம் செல்ல மாட்டேன்."

 பின்வரிசையில் யாரோ குசுகுசுத்தார்கள். மாப்பிள்ளையின் சொந்தக்காரர் ஒருவர், முன்வரிசையில் இருந்தவர், உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார். நான் அவரை முறைத்துப் பார்த்தேன். அன்றைக்கு அதற்கு மேல் என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

முதலில் வாயைத் திறந்தவர் சாலிஹ். "அப்ப சீனி இல்லையா நானா?"

"இல்ல."

"கைய வெட்ட வேண்டி வருமோ என்டு ஊட்டுல அவ ராப்பகலா துஆ கேட்டுட்டு ஈக்கிறா! அல்ஹம்துலில்லாஹ்!" என்று சத்தமாக மூச்சு விட்டார். பிறகு கொஞ்சம் கோபமாக, "அந்தத் தேன் என்ன வெல தெரியுமா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. அவர் பார்வை பவாஸை விட்டு நகரவில்லை.

பவாஸ் அந்தக் கையைப் பார்த்தான். உடனே நீட்டிவிட்டான் என்று சொன்னால் அது பொய்.  அவனுடைய பெருவிரல் ஜுப்பாவின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அவனை ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, பாவம் சின்னப் பொடியன், இத்தனை பேர் முன்னால் என்ன செய்வான் என்றும் இருந்தது.

"மாமா, நீங்க மொதல்லயே செல்லீக்கலாம்" என்றான். "எனக்கு அதுக்குத்தான் மனசு நோகுது."

"செல்லீக்கணும்" என்றார் மச்சான்.

பவாஸ் வலது கையை நீட்டினான்.

மச்சான் உடனே கொடுக்கவில்லை. பழக்கம் அவருடைய கையை நெஞ்சுப் பக்கம் இழுத்தது, நான் பார்த்தேன். பாதி வழியில் நின்று, திரும்பி, முன்னால் போனது. பவாஸ் பிடித்துக்கொண்டான். விரல் நுனியால் அல்ல, முழுக் கையாலும். மௌலவி குத்பா ஓதினார், பிறகு வசனத்தைச் சொல்லிக்கொடுத்தார். மச்சான் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார்.  சொல்லி முடித்தார். ஏற்றுக்கொண்டேன் என்றான் பவாஸ். சபை துஆ ஓதியது. சுற்றியிருந்த நாங்கள் ஆமீன் சொல்லிக் கைகளை முகத்தில் தடவிக்கொண்டோம்.

மௌலவி கடுத்தம் என்கிற கலியாணப் பதிவுப் புத்தகத்தை விரித்து, பேனையை மாப்பிள்ளையின் பக்கம் நீட்டினார். பவாஸ் வாங்கவில்லை. வாங்க வலது கை வேண்டும், அது மச்சானிடம் இருந்தது. மௌலவி தொண்டையைச் செருமினார். பவாஸ் கையை இழுக்காமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். சபை அசையத் தொடங்கியது. நான் மச்சானின் காதருகே குனிந்தேன்.

"மச்சான், கைய விடுங்க. மாப்பிள்ள கையொப்பம் வைக்கணும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்களில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"எப்ப விடுற என்டு மறந்து பெய்த்து மச்சான்" என்றார்.